ஆறாயிரம் வாக்குகளும் ஆளுநரின் அதிகாரமும்

மாகாண ஆளுநரை மக்கள் தெரிவு செய்வதில்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தச் சட்டத்தின்படி அவர் ஜனாதிபதியினால் நியமிக்கப்படுகின்றார். மக்கள் தமது வாக்கினால் தீர்மானிக்கக்கூடியது மாகாணசபையையும் அதனூடாக முதலமைச்சரையுமே ஆகும். அந்த வாக்கின் பெறுமதியை உணர்த்துவதற்கு 2012 செப்டெம்பர் 8 ஆம் திகதி நடைபெற்ற கிழக்கு மாகாணசபைத் தேர்தலே தக்க சான்றாகும்.

அத்தேர்தலில் கிழக்கு மாகாணசபையின் 37 ஆசனங்களுள் 35 மாவட்டரீதியாகப் பகிரப்பட்டன. எஞ்சிய இரண்டும் அதிக வாக்குகளைப் பெற்ற கட்சிக்குப் போனஸாக வழங்கப்பட்டன. அத்தேர்தலில் ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணி 200,044 வாக்குகளையும், தமிழரசுக் கட்சியின் பெயரில் போட்டியிட்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 193,827 வாக்குகளையும் பெற்றன. வித்தியாசம் 6,217 வாக்குகள் மாத்திரமே. இரு போனஸ் ஆசனங்களுடன் முன்னணி 14 ஆசனங்களைப் பெற்றது. கூட்டமைப்புக்கு 11, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1 என ஏனைய ஆசனங்கள் பகிரப்பட்டன.

பெரும்பான்மைக்குத் தேவைப்பட்டவை 19 ஆசனங்கள். கூட்டமைப்பும் முஸ்லிம் காங்கிரஸும் இணைந்தால் 18 மட்டுமே. போனஸ் ஆசனங்கள் இரண்டும் கூட்டமைப்புக்குக் கிடைத்திருந்தால் அத்தொகை 20 ஆகியிருக்கும். எனினும், எண்கள் மட்டுமே ஆட்சியைத் தீர்மானிக்கவில்லை என்பதும் உண்மையே. ஐக்கிய தேசியக் கட்சியையும் சேர்த்து 22 ஆசனங்களுடன் ஆட்சியமைக்க வாய்ப்பிருந்தது. முதலமைச்சர் பதவியை விட்டுக்கொடுக்கவும் கூட்டமைப்பு முன்வந்தது. ஆயினும், முஸ்லிம் காங்கிரஸ் முன்னணிக்கு ஆதரவளித்தது. நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார்.

2015 இல் நாட்டின் ஆட்சி மாறியதும் அதே சபையில் காட்சி மாறியது. முஸ்லிம் காங்கிரஸின் ஹாபிஸ் நசீர் அஹமட் முதலமைச்சரானார். கூட்டமைப்பினரும் அமைச்சர்களாயினர். புதிய தேர்தல் எதுவுமின்றியே இது சாத்தியமாயிற்று. தமிழ், முஸ்லிம் தலைமைகளுக்கு மனமிருந்தால் இணைந்து ஆள முடியும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

அச்சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்தது. அதே ஆண்டில் தேர்தல் முறையை மாற்றுவதற்கான சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன்கீழ்த் தயாரிக்கப்பட்ட எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 இல் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற நிலையில் மாகாணசபைத் தேர்தல் முடங்கியது. 2024 இல் ஜனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும், 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தலும் நடத்தப்பட்டன. மாகாணசபைத் தேர்தல் மட்டும் அப்போதும் நடத்தப்படவில்லை.

இது கிழக்கு மக்களின் பிரச்சினை மட்டுமல்ல. மேல் மாகாணசபையின் காலமும் 2019 இல் முடிவடைந்ததால், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாக்காளர்களும் அதே இழப்புக்கு உள்ளாகினர். சபை கலைந்த மாகாணங்களில் நிர்வாகம், மக்களால் தெரிவு செய்யப்படாத ஆளுநரின் கைக்குச் சென்றது.

6,217 வாக்குகளால் ஏற்பட்ட தோல்வியை அடுத்த தேர்தலில் ஈடுசெய்யலாம். தேர்தலே இல்லாதபோது ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய வழியில்லை. முதலமைச்சர் தமிழரா, முஸ்லிமா என்று வாதிடுவதற்கு முன்னர், முதலமைச்சர் ஒருவரைத் தெரிவு செய்யும் உரிமைக்காக இரு சமூகங்களும் ஒரே குரலில் பேச வேண்டும் என்பதே நமது நிலைப்பாடாகும்.