ஆறாம் வகுப்பில் ஒரு ‘நீட்’: சிட்னி பெற்றோர் ஏன் இவ்வளவு பதறுகிறார்கள்?

சிட்னியின் மேற்குப் பகுதியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் என்று தமிழர்கள் அதிகம் வாழும் புறநகர்கள் இருக்கின்றன. அங்கே ஐந்தாம், ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்குப் போனால், காபிக்கு முன்பே கேள்வி வந்துவிடும்: “கோச்சிங் எங்க போறான்?” போகிறானா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாம் ‘செலக்டிவ் ஸ்கூல்’ தேர்வுக்காகத்தான்.

அது என்ன தேர்வு?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 40-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகள், முழுமையாகவோ பாதியாகவோ, நுழைவுத் தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கின்றன. ஏழாம் வகுப்பில் சேர, ஆறாம் வகுப்பில் தேர்வு. அதாவது 11, 12 வயதில். வாசிப்பு, கணிதம், சிந்தனைத் திறன், எழுத்து என்று நான்கு பகுதிகள். விண்ணப்பமோ பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே தொடங்கிவிடும்.

இதற்கும் முன்னால் ‘ஓ.சி.’ என்று ஒன்று உண்டு. ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கான சிறப்புப் பிரிவு அது. தேர்வு நான்காம் வகுப்பில். அதனால் பல வீடுகளில் எட்டு வயதிலேயே மாதிரித் தேர்வுத் தாள்கள் வந்துவிடுகின்றன.

2025-ல் சுமார் 17 ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். இடங்கள் 4,200 சொச்சம். அந்த ஆண்டுதான் முதன்முறையாகக் கணினியில் தேர்வு. குதிரைப் பந்தய மைதானம் உள்ளிட்ட பெரிய மையங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வரவழைத்தார்கள். நெரிசல், குழப்பம். உள்ளே இருக்கும் பிள்ளை எங்கே என்று தெரியாமல் பெற்றோர் தவித்தார்கள். கடைசியில் கூட்டத்தைச் சமாளிக்கப் போலீஸ் வர வேண்டியதாயிற்று. சில அமர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. பதினோரு வயதுப் பிள்ளைகள் எழுதும் ஒரு தேர்வுக்கு!

ஏன் இந்தப் பதற்றம்?

முதல் காரணம் பணம். சிட்னியின் பெரிய தனியார் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 40 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகிறது. செலக்டிவ் பள்ளியோ அரசுப் பள்ளி. வீட்டுக் கடன் கட்டும் குடும்பத்துக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

இரண்டாவது, ரேங்க் பட்டியல். கார்லிங்ஃபோர்டில் உள்ள ஜேம்ஸ் ரூஸ் அக்ரிகல்சுரல் உயர்நிலைப் பள்ளி, ஹெச்.எஸ்.சி. எனப்படும் 12-ம் வகுப்புத் தேர்வில் 27 ஆண்டுகள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. 2023-ல்தான் நார்த் சிட்னி பாய்ஸ் பள்ளி அதை முந்தியது. ஜேம்ஸ் ரூஸில் விவசாயமும் ஒரு பாடம். ஆனால் அந்த இடத்துக்காக ஏங்கும் பெற்றோர் யாரும் பிள்ளையை விவசாயியாக்க நினைப்பதாகத் தெரியவில்லை.

மூன்றாவது காரணம்தான் ஆழமானது. ஆசியக் குடியேறிகளின் கல்வி பற்றி 2020-ல் புத்தகம் எழுதிய ஆய்வாளர் கிறிஸ்டினா ஹோ, இதை வெறும் ‘டைகர் மாம்’ குணம் என்று ஒதுக்க மறுக்கிறார். புது நாட்டில் இவர்களுக்குச் சிபாரிசு செய்ய ஆள் இல்லை. பாகுபாடு பற்றிய பயம் உண்டு. மதிப்பெண் மட்டும்தான் கையில் இருக்கும் பிடி. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ தேர்வெழுதித் தேர்வெழுதியே மேலே வந்த ஓர் அப்பாவிடம் “விடுங்க, பையன் விளையாடட்டும்” என்றால் எப்படி எடுபடும்?

பி.ஆர். கவலையும் இதில் சேர்ந்துகொள்கிறது. செலக்டிவ் இடத்தில் சேரப் பொதுவாகக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். தற்காலிக விசாவில் ஆன்சைட் போன ஐ.டி. குடும்பங்களில், பிள்ளையின் தேர்வும் அப்பா அம்மாவின் விசாவும் ஒரே காலண்டரில் ஓடுகின்றன.

கோச்சிங்கைத் தடுக்க முடியாதா?

முயன்று பார்த்தார்கள். 2021-ல் பழைய பொதுத்திறன் பகுதியை எடுத்துவிட்டு ‘திங்கிங் ஸ்கில்ஸ்’ கொண்டுவந்தார்கள். பயிற்சி மூலம் ஏமாற்ற முடியாது என்பது நம்பிக்கை. கோச்சிங் சென்டர்கள் உடனே ‘திங்கிங் ஸ்கில்ஸ்’ வகுப்பு தொடங்கிவிட்டன. ஏழைகள், பழங்குடியினர், கிராமப்புறத்தினர், மாற்றுத்திறனாளிகளுக்காக 20 சதவீத இடங்கள் வரை ஒதுக்கியது மட்டும் உருப்படியான மாற்றம். இப்போது பெற்றோருக்குத் துல்லியமான மதிப்பெண்ணும் தருவதில்லை. முதல் 10 சதவீதமா, அடுத்த 15-ஆ என்று வகைதான். “பக்கத்து வீட்டுப் பையனுக்கு எவ்வளவு?” என்று கேட்க வழியில்லை. ஆனாலும் “எந்த ஸ்கூல் கிடைச்சுது?” என்று கேட்கலாமே.

கிடைத்துவிட்டால் நிம்மதியா?

அங்கேதான் சிக்கல். ஆஸ்திரேலிய உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களிலிருந்து சொல்லிவருவது இது: ஒரே திறமை கொண்ட இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் மட்டுமே உள்ள பள்ளிக்குப் போகும் பிள்ளை தன்னைக் குறைவாக மதிப்பிட்டுக்கொள்கிறது. சின்னக் குளத்தில் பெரிய மீனாக இருந்தவன், பெரிய குளத்தில் சின்ன மீன். பழைய பள்ளியில் எப்போதும் முதலிடம் பிடித்த பெண், இங்கே நடுவில் நிற்கும்போது “உனக்கு என்ன ஆச்சு?” என்றுதான் வீட்டில் கேட்பார்கள். போதாக்குறைக்கு, நல்ல ரேங்க் பள்ளி என்று தூரத்தில் சேர்த்துவிட்டு, தினமும் ரயிலில் போய்வரும் நேரம் தனி.

இடம் கிடைக்காதவர்களுக்கோ ‘ரிசர்வ் லிஸ்ட்’. ஏழாம் வகுப்பு தொடங்கிய பிறகும் அது நகரலாம். உள்ளூர்ப் பள்ளியில் சேர்ந்து புது நண்பர்களும் கிடைத்துவிட்ட பிள்ளை நிம்மதியாக இருக்கும். அம்மா மட்டும் போனைக் கையிலேயே வைத்திருப்பார்.