வெள்ளிக்கிழமைச் சொல்லும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும்

1900ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. ஜேர்மனியச் சக்கரவர்த்தி கைசர் இரண்டாம் வில்ஹெல்ம், தமது அரச கப்பலான ‘ஹொஹென்சொலெர்ன்’ மீது நடைபெற்ற ஆராதனையில் தாமே பிரசங்கம் செய்தார். அவர் தெரிந்துகொண்ட வேதபகுதி யாத்திராகமம் 17ஆம் அதிகாரம். ரெபிதீமிலே யோசுவா அமலேக்கியரோடு போரிடுகிறான். மோசே மலையுச்சியில் நிற்கிறார். மோசேயின் கைகள் உயர்ந்திருந்த வேளையில் இஸ்ரவேலர் வென்றனர். கைகள் தளர்ந்த வேளையில் அமலேக்கியர் வென்றனர். ஆரோனும் ஊரும் இருபுறமும் நின்று, சூரியன் மறையும்வரை அந்தக் கைகளைத் தாங்கினர். தூரதேசத்தில் போரிடுகின்ற வீரருக்காகத் தாய்நாட்டில் இருப்போர் ஜெபிக்கின்ற ஒரு சேனையாகத் திரளவேண்டும் என்பதே கைசரின் பிரசங்கக் கருத்து.

அன்பான வாசகர்களே, அது கேட்பதற்கு நல்ல பிரசங்கமே. இதே பகுதியை வைத்து இதே கருத்தை நானும் பேசியிருக்கிறேன். நம் போதகர்களில் பேசாதவர் யார்? பிரசங்கத்தை மாத்திரம் வாசிப்பவன் அதிலே குறைகாண மாட்டான். ஆயினும், அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் அதே வாய் பேசிய மற்றொரு பேச்சையும் வரலாறு பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கும்போதுதான் நெஞ்சு பதறுகிறது.

27ஆம் திகதி வெள்ளிக்கிழமை, பிரேமர்ஹாவன் துறைமுகத்திலே, சீனாவுக்குக் கப்பலேறவிருந்த படையினரை வழியனுப்ப கைசர் வந்திருந்தார். அவ்வருடம் சீனாவிலே பொக்ஸர் கிளர்ச்சி மூண்டிருந்தது. மிஷனரிமாரும் ஆயிரக்கணக்கான சீனக் கிறிஸ்தவர்களும் கொல்லப்பட்டனர். ஜூன் 20ஆம் திகதி, ஜேர்மனியத் தூதுவர் கிளெமென்ஸ் வொன் கெட்டெலர் பீக்கிங் நகர வீதியிலே சுட்டுக்கொல்லப்பட்டார். அந்நகரிலிருந்த வெளிநாட்டுத் தூதரகங்கள் முற்றுகைக்குள்ளாகின. எனவே கைசரின் கோபத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. மறுபக்கத்தின் கோபத்துக்கும் காரணம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1897இலே ஷான்டொங் மாகாணத்தில் இரண்டு ஜேர்மனிய மிஷனரிமார் கொல்லப்பட்டபோது, அதையே முகாந்திரமாகக் கொண்டு கியாவ்சௌ குடாவைக் கைப்பற்றியவர் இந்தக் கைசர்தாம். இரத்தசாட்சிகளின் இரத்தத்துக்கு அவர் பெற்ற ஈடு ஒரு துறைமுகம்!

துறைமுகத்தில் அணிவகுத்து நின்ற அந்த இளைஞர்களுக்கு அவர் சொன்னது இதுதான்: பகைவனுக்கு மன்னிப்பு அளிக்கப்படமாட்டாது, கைதிகள் பிடிக்கப்படமாட்டார்கள், உங்கள் கையில் அகப்பட்டவன் உங்களுக்கே இரையாவான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அற்றிலா மன்னனின் கீழ் ஹூணர் தமக்கு எத்தகைய பெயரை நிலைநாட்டினார்களோ, அத்தகைய பெயரைச் சீனாவிலே ஜேர்மனியர் நிலைநாட்ட வேண்டும். இனி ஒரு சீனனும் ஒரு ஜேர்மனியனை ஏறிட்டுப் பார்க்கவும் துணியக்கூடாது. இந்தக் கருத்துக்களைச் சொன்ன அதே உரையிலேயே தேவனுடைய ஆசீர்வாதத்தையும் அவர் வேண்டிக்கொண்டார்.

இதற்கு முந்திய ஆண்டில்தான், 1899இலே, ஹேக் நகரில் கூடிய சமாதான மாநாடு யுத்தத்துக்கான விதிகளை வகுத்திருந்தது. மன்னிப்பு அளிக்கப்படமாட்டாது என்று அறிவிப்பதே குற்றம் என அவ்விதிகளின் 23ஆம் பிரிவு கூறியது. அம்மாநாட்டிலே ஜேர்மனியும் பங்குபற்றியிருந்தது. கைசர் பேசியது இன்னதென்று அவரது அமைச்சர்களுக்கு உடனே விளங்கிற்று. வெளிவிவகாரச் செயலாளராயிருந்த பேர்ன்ஹார்ட் வொன் பியூலோ, அந்த வாசகங்கள் நீக்கப்பட்ட ஒரு பிரதியையே பத்திரிகைகளில் வரச்செய்ய முயன்றார். ஆயினும் உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் சுருக்கெழுத்தில் முழு உரையையும் எழுதியெடுத்திருந்தனர். அது அச்சேறிற்று, உலகெங்கும் பரவிற்று.

அமைச்சர் திருத்தலாம், பத்திரிகை வெட்டலாம். நேரில் கேட்ட படைவீரனின் செவியிலிருந்து அதை எடுப்பது யார்? மன்னிப்பு இல்லை என்ற அந்த வாசகம் படையினர் பயணஞ்செய்த புகையிரதப் பெட்டிகளிலே எழுதப்பட்டிருந்தது. சக்கரவர்த்தி கோபத்திலே சொன்னதைச் சிப்பாய் கட்டளையாகவே வாங்கிக்கொண்டான். இதில் மிகவும் வேதனையானது என்னவெனில், ஒகஸ்ட் 14ஆம் திகதியே பீக்கிங் முற்றுகை நீங்கிவிட்டது. ஜேர்மனியிலிருந்து அனுப்பப்பட்ட படையின் பெரும்பகுதி அதன் பின்னரே போய்ச் சேர்ந்தது. மீட்கவேண்டியவர்கள் மீட்கப்பட்டிருந்தார்கள்; எஞ்சியிருந்தது தண்டனை ஒன்றே. கிராமங்கள் மீது தண்டனைப் படையெடுப்புகள் நடந்தன. எட்டு நாடுகளின் படைகள் அங்கே இருந்தன. கொள்ளையிலும் கொலையிலும் ஜேர்மனியர் மாத்திரம் ஈடுபட்டனர் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் மற்றையோருக்கு இல்லாத ஒன்று இவர்களுக்கு இருந்தது. அது தங்கள் அரசனின் வாய்ச்சொல். சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பத்திரிகைகளில் வெளிவரத் தொடங்கின. அவற்றுக்கு ‘ஹூணர் கடிதங்கள்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. அவ்வருடம் நவம்பரிலே ஓகஸ்ட் பேபெல் என்ற சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் அவற்றைப் பாராளுமன்றத்தில் எடுத்து வாசித்தார்.

சபைகள் என்ன செய்தன என்று கேட்பீர்கள். பிரஷ்யாவின் சுவிசேஷ சபைக்குத் தலைவர் கைசரே. அப்படியிருக்க, யார் யாரைக் கண்டிப்பது? பிரீட்ரிஷ் நௌமன் என்றொரு போதகர் இருந்தார். ஏழைத் தொழிலாளர் பால் உண்மையான கரிசனை கொண்டவர். பின்னர் அரசியலிலும் புகழ்பெற்றவர். கொடியவர் அல்லர், அதுவே நமக்கு அச்சமூட்டவேண்டும். அவர் தமது பத்திரிகையிலே கைசரின் பேச்சை நியாயப்படுத்தி எழுதினார். அதனால் ‘ஹூணர்களின் போதகர்’ என்ற பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. மறுபுறத்தில், கைசரின் பேச்சுக்கு எதிராகப் பாராளுமன்றத்தில் உரத்து முழங்கிய பேபெல், மதநம்பிக்கை அற்றவர் என்று தம்மை வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டவர். இதை எழுதும்போது கை கூசுகிறது.

கைசர் கையிலிருந்த அதே வேதாகமத்திலே, மன்னிப்பு உண்டா இல்லையா என்று ஓர் அரசன் நேரடியாகக் கேட்ட சம்பவம் ஒன்று உண்டு. 2 இராஜாக்கள் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எலிசாவைப் பிடிப்பதற்காகச் சீரியப் படை இரவோடிரவாகத் தோத்தானைச் சூழ்ந்துகொள்கிறது. கர்த்தர் அவர்களுடைய கண்களை மயக்குகிறார். எலிசா அவர்களை வழிநடத்தி, சமாரியா நகரின் நடுவிலே கொண்டுபோய் நிறுத்துகிறார். கண்கள் திறக்கும்போது தாங்கள் பகைவனின் தலைநகரில் நிற்பதை அவர்கள் காண்கிறார்கள். இஸ்ரவேலின் அரசன் பரபரக்கிறான். வெட்டட்டுமா என்று ஒருமுறையல்ல, இருமுறை கேட்கிறான். தீர்க்கதரிசியைத் தகப்பன் என்று அழைத்துக்கொண்டே கேட்கிறான். ஆவிக்குரிய மரியாதைக்கு அங்கே குறைவில்லை! எலிசாவோ, உன் வாளினாலும் வில்லினாலும் சிறைபிடித்தவர்களைக்கூட நீ வெட்டமாட்டாயே என்று தடுத்து, அவர்களுக்கு அப்பமும் தண்ணீரும் கொடுக்கச் சொல்கிறார். அரசன் பெரிய விருந்தே செய்கிறான். உண்டு குடித்த சீரியர் தங்கள் ஆண்டவனிடத்துக்குத் திரும்புகிறார்கள். அந்தக் கொள்ளைக் கூட்டங்கள் அதன்பின் அந்நாட்டுக்குள் வரவில்லை.

அடுத்த வசனத்திலேயே பெனாதாத் தன் சேனையெல்லாம் கூட்டிக்கொண்டு சமாரியாவை முற்றுகையிட வருகிறான் என்பதும் உண்மையே. வேதம் அதை மறைக்கவில்லை. ஒரு விருந்தினால் யுத்தங்கள் எல்லாம் ஒழிந்துவிடும் என்று எலிசாவும் சொல்லவில்லை. ஆனாலும் அன்று அந்த மனிதர்கள் வெட்டப்படவில்லை. அரசன் வாயிலிருந்து புறப்படவிருந்த சொல்லைத் தடுப்பதற்கு அருகே ஒருவர் இருந்தார். ரெபிதீமை அறிந்திருந்த கைசருக்குத் தோத்தானை நினைவூட்ட அந்தக் கப்பலிலே எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. எந்தப் பகுதியைத் தியானிக்கிறோம் என்பதுபோலவே, எதை வாசிக்காமல் தாண்டிச் செல்கிறோம் என்பதும் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் போலும்.

கைசர் தம் மக்களுக்குத் தேடிக்கொடுத்த பெயர் பதினான்கு வருடங்கள் கழித்து வீடு வந்து சேர்ந்தது. 1914இலே ஜேர்மனியப் படைகள் பெல்ஜியத்துக்குள் நுழைந்து நகரங்களை எரித்தபோது, பிரித்தானியப் பத்திரிகைகளுக்குப் புதிய வசைச்சொல் தேடவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. ‘ஹூணர்’ என்ற சொல்லைக் கைசரே ஆயத்தமாக்கி வைத்திருந்தார். அந்தப் பெயரிலேயே ஒரு சந்ததி ஜேர்மனியர் முழுவதும், போருக்குப் போகாத பெண்களும் பிள்ளைகளும் உட்பட, வெறுக்கப்பட்டனர். (போர் விட்டுச்செல்லும் சொற்கள் எளிதில் அழிவதில்லை. அதே 1914 செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்த ஜேர்மனியப் போர்க்கப்பலின் பெயர், ‘எம்டன்’ என்று தமிழ்ப் பேச்சிலே இன்றும் கேட்கிறதல்லவா?)

அந்தப் பெரும்போர் மூண்ட விதத்தைக் கவனித்தால், பொறுப்பற்ற சொல்லின் மற்றொரு முகமும் தெரிகிறது. ஜூன் 28ஆம் திகதி சரயேவோவிலே ஒஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினான்ட் கொல்லப்பட்டார். வியன்னாவிலிருந்த ஜேர்மனியத் தூதுவர், அவசரப்பட வேண்டாமென்று ஒஸ்திரியருக்குத் தாம் நிதானமாக ஆலோசனை சொல்லிவருவதாக அறிக்கை அனுப்பினார். கைசர் அதன் ஓரத்திலே, அப்படிச் சொல்ல இவருக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்றும், இப்போது இல்லாவிட்டால் ஒருபோதும் இல்லை என்றும் எழுதிவைத்தார். ஓரக்குறிப்பில் சில வரிகள், அவ்வளவே. தூதுவர் அதன்பின் நிதானத்தைப் பற்றிப் பேசவில்லை. போருக்கு உற்சாகமூட்டுபவராக மாறிவிட்டார். ஜூலை 5ஆம் திகதி, போட்ஸ்டம் அரண்மனையிலே ஒஸ்திரியத் தூதுவரை விருந்துக்கழைத்து, என்ன நேர்ந்தாலும் ஜேர்மனி உங்கள் பக்கம் நிற்கும் என்று கைசர் வாக்களித்தார். மறுநாள், அதே ‘ஹொஹென்சொலெர்ன்’ கப்பலில் நோர்வேக் கடலுக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டார்.

27ஆம் திகதி திரும்பி வந்தார். 28ஆம் திகதி காலையிலே, ஒஸ்திரியாவின் இறுதி எச்சரிக்கைக்குச் சேர்பியா அளித்த பதிலை வாசித்தார். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சேர்பியா இணங்கியிருந்தது. இத்தோடு போருக்கான காரணம் முழுவதும் அற்றுப்போகிறது என்று தம் கையாலேயே எழுதினார். ஒஸ்திரியப் படை பெல்கிரேட்டோடு நின்றுவிட்டுப் பேச்சுவார்த்தைக்கு வரட்டும் என்றும் யோசனை சொன்னார். அவரது ஆட்சிக்காலம் முழுவதிலும் அவர் எழுதியவற்றுள் மிகவும் நிதானமான வரிகள் இவையாக இருக்கலாம்.

அதே நாளில் ஒஸ்திரியா சேர்பியா மீது போர் தொடுத்தது. கைசரின் யோசனையை அவரது சான்சலர் பெத்மன் ஹொல்வெக் இரவு வரை வியன்னாவுக்கு அனுப்பவில்லை. அனுப்பியபோதும் அதன் கூர்மையை மழுக்கியே அனுப்பினார். கால் நூற்றாண்டாக வாளையும் இரும்புக் கையையும் பற்றியே கேட்டுப் பழகியவர்களுக்கு, சமாதானம் பேசுகிற கைசர் ஒரு நாள் மனநிலையாகவே தோன்றியிருப்பார். ஒகஸ்ட் முதலாந் திகதி மாலையில், பிரித்தானியா விலகி நிற்கக்கூடும் என்றொரு செய்தி வந்தபோது, பிரான்ஸை நோக்கிப் போகும் படையை நிறுத்தி ரஷ்யாவின் பக்கம் திருப்ப முடியுமா என்று தமது பிரதம தளபதி மோல்ட்கேயைக் கேட்டார். இலட்சக்கணக்கானோரின் நகர்வை இனி மாற்றியமைக்க முடியாது என்று தளபதி கண்ணீரும் கோபமுமாய் மறுத்தார். அன்றே ரஷ்யாவுக்கெதிராகப் போர் அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளிலே ஜேர்மனியப் படையினரில் மாத்திரம் சுமார் 20 இலட்சம் பேர் மாண்டனர்.

நம் சபைகளிலே ஞாயிறுதோறும் ஆளுகை செய்வோருக்காக ஜெபிக்கிறோம். அவர்களுக்கு ஞானம் வேண்டுமென்றும், சுகபெலன் வேண்டுமென்றும் கேட்கிறோம். அவர்களுடைய நாவுக்காகக் கேட்கிறோமா? அவர்கள் அருகே ஓர் எலிசாவை அனுப்பும்படி கேட்கிறோமா? அல்லது அவர்கள் வெள்ளிக்கிழமை பேசியதைக் கேளாதவர்கள்போல் ஞாயிற்றுக்கிழமை கைகளை மாத்திரம் உயர்த்துகிறோமா?

கைசர் வில்ஹெல்ம் 1918 நவம்பரிலே முடியிழந்து நெதர்லாந்துக்குச் சென்றார். டோர்ன் என்ற சிற்றூரில் ஒரு மாளிகையில் குடியிருந்து, விறகு அறுப்பதில் நாட்களைக் கழித்தார். காலைதோறும் வீட்டாரையும் பணியாளரையும் கூட்டி வேதம் வாசித்து ஜெபம் நடத்துவதை அவர் கைவிடவில்லை. 1941 ஜூன் 4ஆம் திகதி அவர் மரித்தபோது, அந்த மாளிகையின் வாயிலிலே மற்றொரு தலைவன் அனுப்பிய ஜேர்மனியச் சிப்பாய்கள் காவல் நின்றார்கள்.