முகத்தைத் தேய்க்க வேண்டாம்

சென்ற தை மாதம், நமது பங்கைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணின் திருமண ஓலை மூன்றாம் முறையாக வாசிக்கப்பட்ட ஞாயிறு அது. திருப்பலி முடிந்ததும் அப்பெண் முக்காட்டை விலக்காமலே அன்னையோடு நம்மைக் காண வந்தாள். "சுவாமி, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா?" என்று அன்னைதான் கேட்டார். காரணம் வினவினோம். பெண் முக்காட்டை நீக்கினாள். கன்னங்கள் இரண்டும் அனலில் வாட்டியவைபோல் சிவந்திருந்தன. மூக்கின் ஓரங்களில் நூலிழை போன்ற செந்நரம்புகள் தெரிந்தன. காற்றுப் பட்டாலும் எரிகிறது என்றாள்.

நடந்தது இதுதான். இயல்பிலேயே அவளுக்கு வறண்ட முகம். மார்கழிப் பனியில் தோல் வெள்ளை பூத்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. அதனை அழுக்கென்று எண்ணிய வீட்டார் நாளுக்கு மூன்று முறை சோப்பிட்டுத் தேய்க்கச் சொன்னார்கள்; எலுமிச்சஞ்சாறும் தடவினார்கள். எரிச்சல் மிகவே, யாரோ சொன்னதைக் கேட்டுக் கடையில் ஒரு களிம்பு வாங்கினார்கள். சில நாட்களில் முகம் பளபளத்தது. மாப்பிள்ளை வீட்டாரும் மெச்சினார்கள். பூசுவதை நிறுத்தியதும் எரிச்சல் இரு மடங்காகத் திரும்பியது. ஆகவே மறுபடியும் பூசினாள். இவ்வாறு பல வாரங்கள்.

அக்களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு என்னும் மருந்து. மருத்துவர் குறித்த அளவில், குறித்த நாட்களுக்கு மட்டும் பூசினால் அது நல்ல மருந்தே. அழகுக்காக மாதக் கணக்கில் பூசினாலோ தோல் மெலியும், பருக்கள் தோன்றும், வெயில் பொறுக்காது. 2018இல் இந்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என ஆணையிட்டது. எனினும் தோழியர் கைமாற்றிக் கொள்வதை எந்த ஆணை தடுக்கும்?

வறட்சி அழுக்கன்று என்பதை அன்னையர் முதலில் உணர வேண்டும். தோலின் மேலடுக்கில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு. உள்ளிருக்கும் நீர் வெளியேறாமல் காப்பது அதுவே. நலமான தோல் சற்றே புளிப்புத் தன்மை உடையது. அமில, காரத் தன்மையை அளக்கும் அளவுகோலில் அது ஏறக்குறைய 5. சாதாரண சோப்புக் கட்டியோ 9 அல்லது 10. தேய்க்கத் தேய்க்கப் பசை போகிறது, நீரும் போகிறது. வெந்நீர் இதனை இன்னும் விரைவாக்கும்.

ஆதலின் இளஞ்சூட்டு நீர் அல்லது தண்ணீர் போதும். துவாலையால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முற்றும் உலருமுன்னே மணம் சேர்க்காத பசைப் பூச்சு ஏதேனும் மெல்லத் தடவலாம். விலையுயர்ந்தது வேண்டியதில்லை; வாசலினே பலருக்குப் போதும். பருக்கள் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுப் பூசுக. புதிய பூச்சு எதையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பார்த்தபின்பே முகத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். எலுமிச்சை ரசத்திற்கு ஆகட்டும், முகத்திற்கு வேண்டாம்.

இதெல்லாம் வீண் பகட்டு எனச் சில பெரியோர் முணுமுணுக்கக் கூடும். நோன்பிருப்போரை முகம் கழுவித் தலைக்கு எண்ணெய் தடவச் சொன்னவர் நம் ஆண்டவரே அன்றோ!

பெண்ணைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினோம். களிம்பைத் தம் மேற்பார்வையில் படிப்படியாக நிறுத்த வேண்டும், தேறுவதற்கு மாதங்கள் ஆகும் என்றார் அவர். மாப்பிள்ளை வீட்டாரோடு நாமே பேசினோம். முதலில் முகம் சுளித்தாலும் பின்னர் இசைந்தார்கள்.

இதற்கிடையே சாம்பல் புதன் வந்தது. சாம்பலில் நீர் சேர்ந்தால் காரமாகி, நலமான நெற்றியையே புண்ணாக்கக் கூடும். உபதேசியார் வழக்கம்போல் நீர் கலக்க முற்பட்டதைத் தடுத்தோம். அவளுக்கு மட்டுமன்றி எல்லாருக்கும் உலர்ந்த சாம்பலை உச்சந்தலையில் தூவினோம். உரோமையில் வழங்கும் முறையும் அதுவே.

பாஸ்காவுக்குப் பின் இரண்டாம் வாரம் திருமணம் நடைபெற்றது. கன்னத்தின் சிவப்பு முற்றும் மாறியிருக்கவில்லை. மணப்பெண் முகப்பூச்சு எதுவுமின்றிப் பீடத்தின்முன் நின்றாள்.