பூஞ்சாணத்துக்கும் கடிகாரம் உண்டு

பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கிறீர்களா? மொட்டுகளை அழுகவைத்துச் சாம்பல் நிறத்தில் படரும் 'போட்ரைடிஸ்' பூஞ்சாணத்துக்குப் பொழுது தெரியும். அதன் செல்லுக்குள் 'எஃப்.ஆர்.கியூ.' என்ற மரபணுவின் செயல்பாடு தினமும் ஏறி இறங்குகிறது. மற்ற பல மரபணுக்கள் எப்போது இயங்க வேண்டும் என்பதையும் அதுவே நிர்ணயிக்கிறது.

சிலி நாட்டு விஞ்ஞானிகள் கடுகுக் குடும்பச் செடி ஒன்றில் ஆராய்ந்து, 2015-ல் முடிவை வெளியிட்டனர். விடியலில் தொற்றிய பூஞ்சாணத்தைவிட, அந்தியில் தொற்றியது இலையில் பெரிய புண்ணை உண்டாக்கியது. அந்த மரபணுவை நீக்கியதும் வேறுபாடு மறைந்தது.

வித்துகள் முளைக்க ஈரம் வேண்டும். எனவே காலையிலேயே நீர் விடுங்கள்; மாலைக்குள் இலைகள் காய்ந்துவிட வேண்டும். பக்கத் திரைகளைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். அழுகிய மொட்டுகளைப் பறித்து, குடிலுக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுங்கள்.