வெள்ளை வவ்வாலும் கறுப்பு வவ்வாலும் உறவா?

மீன் மார்க்கெட்டுக்குப் போகிறவர்களுக்கு வவ்வால் மீனைத் தெரியாமல் இராது. தட்டையான உடம்பு, முதுகிலும் வயிற்றுப் பக்கத்திலும் சிறகு விரித்தாற்போன்ற துடுப்புகள். வவ்வாலின் சாயல் இருப்பதால்தான் அந்தப் பெயர். இதில் வெள்ளையும் உண்டு, கறுப்பும் உண்டு. வெள்ளைக்கு விலை உசத்தி. கறுப்பு சற்று மலிவு. நிறத்தில்தான் பேதமே தவிர, இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றே நாம் எண்ணுகிறோம்.

ஆனால் அவை உடன்பிறப்புகளும் அல்ல, பங்காளிகளும் அல்ல! வெள்ளை வவ்வாலின் சொந்தக்காரர்கள் சூரையும் வஞ்சிரமும். கறுப்பு வவ்வாலோ பாரை வம்சத்தில் பிறந்தது. இந்தக் குல விவரத்தை ஐயமற நிச்சயப்படுத்தியது ஜீன் ஆராய்ச்சி.

பிழை காட்டும் வழி

மீன்களின் உறவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஓலைச் சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவடியைப் பார்த்துப் பிரதி செய்கிறவர் எங்கேயோ ஓர் எழுத்தைத் தவறாக எழுதிவிடுகிறார். அவருடைய பிரதியைப் பார்த்து எழுதுகிறவர் அந்தத் தவறையும் சேர்த்தே எழுதுகிறார். ஆகவே, ஒரே மாதிரியான பல பிழைகள் இரண்டு சுவடிகளில் இருந்தால் இரண்டுக்கும் மூலம் ஒன்றே என்று ஊகித்துவிடலாம் அல்லவா?

உயிர்களின் கதையும் இதுதான். ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழை இருக்கிறது. அது நான்கே 'எழுத்து'க்களால் எழுதப்பட்ட நீண்ட சுவடி. தலைமுறை தலைமுறையாகப் பிரதியாகி வரும்போது, எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடுகிறது. அந்த மாறுதல் சந்ததிக்கும் போய்ச் சேருகிறது. இரண்டு மீன்களின் எழுத்துக்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டால், எவை அண்மையில் பிரிந்தவை, எவை ஆதியிலேயே பிரிந்தவை என்பது தெரிந்துவிடும். இதற்கு முழு மீன் வேண்டியதில்லை. துடுப்பில் ஒரு துணுக்கே போதும்.

இனத்தை மட்டும் அடையாளம் காண, தாய்வழியாக மட்டும் வருகிற மைட்டோகாண்ட்ரியாவின் ஜீன் ஒன்றில் சுமார் 650 எழுத்துக்களைப் படித்தால் போதும் என்று கனடா நாட்டு விஞ்ஞானி பால் ஹீபர்ட் 2003-ல் யோசனை சொன்னார். இம்முறையில் நமது நாட்டுக் கடல்மீன்களில் 115 இனங்களைப் படித்த விவரத்தை இந்திய ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் வெளியிட்டார்கள். பழைய குலத் தொடர்பை அறியவேண்டுமானால் இன்னும் பல ஜீன்களைப் படிக்கவேண்டும்.

விசித்திரக் குடும்பம்

அப்படிப் படித்த ஜப்பானிய விஞ்ஞானி மசாகி மியாவும் அவருடைய சகாக்களும் 2013-ல் ஓர் அதிசயத்தை அறிவித்தார்கள். சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி ஆகியவை ஒரு குடும்பம் என்பது முன்பே தெரியும். அந்தக் குடும்பத்துடன் வேறு 14 குடும்பங்களும் ஒரே மூதாதையின் வழியில் வந்தவை என்றார்கள். வாள்போல் நீண்ட சாவாளை இதில் சேர்ந்தது. வட்டமான வெள்ளை வவ்வாலும் சேர்ந்தது! சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த பேரழிவில் கடலின் பெரிய மீன்கள் பலவும் மாண்டன. காலியான அந்த இடங்களில், ஆழ்கடலில் வாழ்ந்த ஒரு மூதாதையின் சந்ததிகள் பரவி, பல வடிவங்கள் எடுத்தன என்று கணிக்கிறார்கள்.

நேர்மாறாக, பார்வைக்கு வஞ்சிரத்தைப் போலிருக்கும் சீலா மீனை முன்பு சூரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஜீன் படித்தபின் அது பாரை, கொடுவா, நாக்கு மீன் ஆகியவற்றின் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. வாழ்க்கை முறை ஒத்திருந்தால் உருவமும் ஒத்துப்போகும். உருவத்தை மட்டும் பார்த்து உறவு சொன்னால் ஏமாந்துபோவோம்.

நம் வவ்வால் வேறு

குலத்தைத் தெரிந்துகொண்டு என்ன லாபம் என்று கேட்கலாம். வெள்ளை வவ்வாலே பதில் சொல்லுகிறது.

ஸ்வீடன் தேசத்து யூப்ரசன் என்பவர் 1788-ல் சீனக் கடற்கரை வவ்வாலுக்கு 'பாம்பஸ் அர்ஜென்டியஸ்' என்று இன்று வழங்கும் விஞ்ஞானப் பெயரின் பிற்பகுதியைச் சூட்டினார். நம் நாட்டு வெள்ளை வவ்வாலும் அதுவே என்று நெடுங்காலம் புத்தகங்களில் எழுதி வந்தார்கள். ஜீன்கள் வேறு கதை சொல்லின. நம்முடையது தனி இனம் என்று 2019-ல் இந்திய விஞ்ஞானிகள் நிலைநாட்டினார்கள். பிரெஞ்சு அறிஞர் குவியே 1829-ல் வைத்து, பிறகு கைவிடப்பட்டிருந்த 'கேண்டிடஸ்' என்ற பெயர் மீண்டும் உயிர் பெற்றது.

இது வெறும் பெயர்ச் சண்டையல்ல. ஒரு மீன் எந்த அளவு வளர்ந்தால் முட்டையிடும், எந்த மாதத்தில் இடும் என்பதை அறிந்துதான், எவ்வளவு சிறிய மீனைப் பிடிக்கக்கூடாது என்று விதி வகுக்கவேண்டும். சீனக் கடல் மீனுக்குக் கண்ட கணக்கு நம் மீனுக்கும் பொருந்தும் என்று நம்பிவிட முடியாது. விதி தவறினால், ஒரு முறையேனும் முட்டையிடுமுன் குஞ்சுகளை வாரிவிடுவோம். பின்னால் வெறும் வலையை இழுப்பவர் மீனவர்தான். சீனக் கடலில் வவ்வால் எத்தனை இருந்தாலும் நம் இனம் குறைந்தால் அது ஈடாகாது.

அடுத்த முறை மார்க்கெட்டில் கறுப்பு வவ்வாலைக் கண்டால், வால் தொடங்கும் இடத்தில் பக்கவாட்டில் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று கெட்டிச் செதில்கள் தட்டுப்படும். பல பாரை மீன்களிலும் அப்படியே இருக்கும். வெள்ளை வவ்வாலில் அது கிடையாது. ஜீன் சொன்ன உறவுக்கு நம் விரலே சாட்சி!