641 எப்படிச் சிக்கியது?

முப்பத்திரண்டு 2-களைப் பெருக்கி 1 கூட்டினால் 429,49,67,297. இப்படியே 1, 2, 4, 8, 16 இரண்டுகளை வைத்துச் செய்தால் 3, 5, 17, 257, 65,537 வரும். அத்தனையும் பகா எண்கள். ஆகவே இதுவும் பகா எண்தான் என்று 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார்.

1732-இல் ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார்: 641 × 67,00,417.

கணினி இல்லாத காலத்தில் 641 எப்படிச் சிக்கியது? 429,49,67,297-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணிலிருந்தும் 1-ஐக் கழித்தால், மிச்சம் 64-ஆல் மீதியின்றி வகுபட்டாக வேண்டும். காரணத்தை ஆய்லரே பிறகு விளக்கினார். இந்தச் சல்லடையில் போட்டால் முதலில் நிற்பவை 193, 257, 449, 577. அடுத்தது 641. ஐந்தே வகுத்தல்கள்!

இதில் மனதைத் தைக்கும் செய்தி ஒன்று உண்டு. அந்தச் சல்லடைக்கு அடித்தளமான தேற்றம் ஃபெர்மா கண்டது.