கார்டு எத்தனை தடவை மணி அடிக்கணும்?

எபிசோட்ல வேகமா சொல்லிட்டுப் போன 'இன்டர்ரப்ட்' விஷயம், இங்கே நிதானமா.

யாங்கூன் டீக்கடையில ஒவ்வொரு கப்புக்கும் தனித்தனியா கூப்பிட்டா, பரிமாறுறவர் நடந்தே களைச்சிடுவார். சர்வரும் அப்படித்தான். 1 ஜிகாபிட் லைன் நிரம்பி ஓடினா, நொடிக்குச் சுமார் 81,000 பெரிய பாக்கெட் வரும். ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க் கார்டு மணி அடித்தால், சிபியூவுக்கு வேறு வேலை பார்க்க நேரமே இருக்காது.

லினக்ஸில் 'ஈத்டூல்' மூலமா 'ஆர்எக்ஸ்-யூசெக்ஸ்' மதிப்பை 100 ஆக்கினா, கார்டு 100 மைக்ரோ நொடி பாக்கெட்டுகளைச் சேர்த்துவைத்து ஒரே மணி அடிக்கும். நொடிக்கு அதிகபட்சம் 10,000 மணி. தாமதமாகுமா? சிங்கப்பூர் இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 1,900 கி.மீ. ஃபைபரில் போய்வரவே 19 மில்லி நொடி ஆகும். அதில் 0.1 கூடினா தெரியாது.

அதுக்காக 250-க்கு ஏத்திடாதீங்க. 64 பைட் குட்டிப் பாக்கெட்னா நொடிக்கு 14.88 லட்சம் வரை வரலாம். அதாவது 250 மைக்ரோ நொடியில் 372. கார்டின் ரிங் பஃபரில் 256 இடம்தான் இருந்தா, மிச்சம் தொலைஞ்சுபோகும்.

முதல்ல பஃபரைப் பெரிசாக்கி, 'டிராப்' எண்ணிக்கை குறையுதான்னு பாருங்க. புது லைனுக்குக் காசு கொடுக்கிறது அப்புறம்!